பத்தியத்தை எங்கிருந்து முறிப்பது?

பிள்ளைகளுக்கு எந்த நோயில் எந்த உணவை நிறுத்தச் சொல்வார்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "நிறுத்தியாச்சு, சரி. மறுபடி எப்போது கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?" நியாயமான கேள்வி. நிறுத்தும்போது சீட்டில் பட்டியல் எழுதிக் கொடுப்பார்கள். திரும்பத் தொடங்கும்போது மட்டும் "மெல்ல ஆரம்பிங்க" என்று வாயால் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த "மெல்ல" ஒரு நோயில் நாலு நாள், இன்னொன்றில் மூன்று மாதம், வேறொன்றில் எப்போதுமே இல்லை. அதனால் எதற்காக நிறுத்தினீர்கள் என்று எழுதாமல் "பால் கொடுக்கலாமா, கோதுமை கொடுக்கலாமா" என்று மட்டும் கேட்டவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பழைய சீட்டைத் தேடி எடுத்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: மேடம், என் மகளுக்கு இரண்டேகால் வயது. ஐந்தாம் மாதத்தில் பவுடர் பால் ஆரம்பித்த பத்தாவது நாள் மலத்தில் சளியும் ரத்தக் கீற்றும் வந்தது. பசும்பால் புரத அலர்ஜி என்றார்கள். அன்றிலிருந்து பால், தயிர், நெய், பிஸ்கட் எதுவும் கிடையாது. தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் ஒருநாளும் வந்ததில்லை. இப்போது டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார். எனக்குக் கை நடுங்குகிறது. மாமியார் ஆட்டுப்பாலில் தொடங்கச் சொல்கிறார். போன மாதம் பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் யாரோ கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. என்ன செய்வது? - ஒரு தாய், ஈரோடு

பதில்: தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் இல்லை என்று எழுதினீர்களே, அதுதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி. பால் அலர்ஜியில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று உடனே வருவது. பால் உள்ளே போன சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும், மூச்சு இழுக்கும். இந்த வகைப் பிள்ளைகளுக்கு வீட்டில் நாமே கொடுத்துப் பார்க்கக் கூடாது. அலர்ஜி டாக்டர் பரிசோதனை செய்துவிட்டு, ஆஸ்பத்திரியில் உட்கார வைத்து, ஊசி மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பார்ப்பார். இன்னொன்று தாமதமாக வருவது. சில மணி நேரமோ சில நாளோ கழித்து மலத்தில் ரத்தம், பேதி, எக்ஸிமா என்று காட்டும். உங்கள் மகளுக்கு வந்தது இந்த இரண்டாவது ஜாதி மாதிரி இருக்கிறது, டாக்டரும் வீட்டிலேயே பார்க்கச் சொல்லியிருக்கிறார், ஆகவே பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். ஆனால் இந்தத் தாமத வகையிலும் ஒரு முரட்டுப் பிரிவு இருக்கிறது: பால் குடித்து ஒன்றிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் விடாமல் வாந்தி எடுத்து, வெளுத்து, துவண்டு போவார்கள். எப்போதாவது அப்படி ஆகியிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் முதல் வாய் ஆஸ்பத்திரியில்தான். ஆஸ்துமா இருந்தாலும் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

பொதுவாக ஆறு மாதம் நிறுத்திவிட்டு, இல்லாவிட்டால் குழந்தைக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதம் ஆகும்போது, ஒருமுறை கொடுத்துப் பார்ப்பது வழக்கம். உங்கள் வீட்டில் ஒரு வருஷம் கூடுதலாகப் போய்விட்டது. போகட்டும்.

தொடங்க வேண்டியது பாலில் அல்ல, பிஸ்கட்டில். கேட்க விநோதமாக இருக்கும். பாலில் இரண்டு வகைப் புரதம். ஐந்தில் நாலு பங்கு கேசீன், ஒரு பங்கு வே. மாவோடு கலந்து அடுப்பின் உலர்ந்த சூட்டில் வேகும்போது வே புரதம் உருக்குலைந்துவிடும், மிச்சம் இருப்பதும் மாவோடு பின்னிக்கொள்ளும். உடம்புக்கு அதை அடையாளம் தெரிவது குறையும். பால் அலர்ஜி உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் பச்சைப் பாலைத் தாங்கும் முன்பே பிஸ்கட்டையும் கேக்கையும் தாங்கிவிடுவதற்குக் காரணம் இதுதான். இதை வைத்து பிரிட்டனில் பால் ஏணி என்று ஒன்றைப் போட்டிருக்கிறார்கள்: பிஸ்கட், மஃபின், பேன்கேக், சீஸ், தயிர், கடைசியில் பால். நம் வீட்டுக்கு இதை இப்படி மாற்றிக்கொள்ளலாம்: பால் சேர்ந்த பிஸ்கட், அப்புறம் கேக் அல்லது பால் பன், அப்புறம் மாவில் கொஞ்சம் பால் ஊற்றிக் கரைத்த கோதுமை தோசை, அப்புறம் சீஸ், தயிர், பால். கீழ்ப்படியில் பால் குறைவு, சூடு அதிகம். மேலே போகப் போக பால் அதிகம், சூடு குறைவு. உங்கள் டாக்டர் வேறு வரிசை கொடுத்திருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இங்கே நம் ஊர் ஆட்கள் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. "மணிக்கணக்காகக் காய்ச்சியதுதானே" என்று பால்கோவாவையும் திரட்டுப்பாலையும் முதலில் கொடுப்பார்கள். அதில் மாவு கிடையாது, இருப்பதெல்லாம் சுண்டிய பால். ஒரு டம்ளர் பாலை ஒரே உருண்டையில் கொடுத்த மாதிரி. அது ஏணியின் உச்சி. கேசீன் சூட்டுக்கு அசராது, எவ்வளவு காய்ச்சினாலும் கேசீன்தான். மோர் லேசானது என்பதும் அப்படித்தான். தயிர் ஆகும்போது குறைவது பாலின் சர்க்கரை, புரதம் அல்ல. நெய்யில் புரதம் மிகக் குறைவு, ஆனாலும் துளியும் இல்லை என்று சொல்ல முடியாது, அதுவும் அடிக்கசடோடு வீட்டில் காய்ச்சியதென்றால். பிஸ்கட் படி தாண்டிய பிறகு நெய்யைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆட்டுப்பால்? மாமியார் அக்கறையாகத்தான் சொல்கிறார், ஆனால் ஆட்டுப்பால் புரதமும் பசும்பால் புரதமும் அக்கா தங்கை. பசும்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. எருமைப்பாலும் அப்படித்தான்.

பிறந்தநாள் பிஸ்கட் நல்ல சேதிதான். ஆனால் அதில் பால் இருந்ததா என்று யாருக்கும் தெரியாதே. அதே பிஸ்கட் எது என்று கேட்டு, பாக்கெட்டின் பின்னால் பாருங்கள். பால், கோதுமை, சோயா மாதிரி அலர்ஜி தரும் பொருள் இருந்தால் அதைத் தனியாக அச்சிட வேண்டும் என்பது சட்டம்.

நாள் பார்ப்பது முக்கியம். பஞ்சாங்கத்தைச் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சளி, காய்ச்சல், பேதி இல்லாத வாரம், தடுப்பூசி போடாத வாரம், ஊருக்குப் போகாத வாரம். காலையில் கொடுங்கள், ராத்திரி வேண்டாம், ஏதாவது ஆனால் பகலில் கண்ணுக்குத் தெரியும். முதல் நாள் ஒரு நகக்கண் அளவு துண்டு. அடுத்தடுத்த நாள் கால், அரை, முழு பிஸ்கட். ஒரு படியில் ஒரு வாரம் இருந்துவிட்டு அடுத்த படி ஏறினால் போதும், பந்தயம் ஒன்றுமில்லை. அந்த நாட்களில் வேறு எந்தப் புது உணவும் வேண்டாம். என் அக்கா மகன் மூன்றாவது படியில் இருந்தபோது தீபாவளி வந்தது. ஒரே நாளில் மைசூர்பாக்கு, முந்திரி கேக், யாரோ கொடுத்த கலர் மிட்டாய், போதாததற்குப் பட்டாசுப் புகை. ராத்திரி உடம்பெல்லாம் அரிப்பு. எதனால் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பாவம், அவனை மறுபடி முதல் படியிலிருந்து ஏற்றினோம்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்ன கொடுத்தோம், எவ்வளவு, எத்தனை மணிக்கு, மலம் எப்படி, தோல் எப்படி, தூக்கம் எப்படி. ஒருநாள் கொஞ்சம் இளகலாகப் போனதை எல்லாம் அலர்ஜிக் கணக்கில் எழுத வேண்டாம். மறுபடி ரத்தம், விடாத பேதி, வாந்தி, தோல் வெடிப்பு என்றால் முந்தின படிக்கு இறங்கி, அங்கேயே இருந்துகொண்டு டாக்டரிடம் பேசுங்கள். இறங்குவது தோல்வி இல்லை, பல பிள்ளைகள் இரண்டு மூன்று முறை இறங்கி ஏறுவார்கள். தடிப்போ, முக வீக்கமோ, மூச்சிரைப்போ வந்தால் நோட்டெல்லாம் அப்புறம், உடனே 108. பால் டம்ளரை எட்டும் வரைக்கும் கேழ்வரகையும் எள்ளையும் விட்டுவிடாதீர்கள், கால்சியம் அங்கிருந்துதான் வந்தாக வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. சீலியாக் நோய். இரண்டு வருஷமாகக் கோதுமை இல்லை. இப்போது ரத்தப் பரிசோதனை நார்மல். எடையும் ஏறிவிட்டது. மாதம் ஒருமுறை பரோட்டா கொடுக்கலாமா? ரொம்ப ஏங்குகிறாள். - ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: கூடாது. அரைப் பரோட்டாவும் கூடாது. கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் பட்டால் குடல் புண்ணாகும் நோய்தான் சீலியாக். மாத்திரை மாதிரி வேலை செய்வது பத்தியம்தான். பரிசோதனை நார்மலாக வந்ததே அவள் கோதுமையைத் தொடாததால். இந்த ஆசையில் பெரிய மருத்துவர்களே சறுக்கியிருக்கிறார்கள். 1924ல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்பவர் சீலியாக் பிள்ளைகளுக்கு வாழைப்பழப் பத்தியம் போட்டார். பிள்ளைகள் தேறினார்கள். வாழைப்பழம்தான் மருந்து, நோய் குணமாகிவிட்டது என்று நினைத்து அப்புறம் ரொட்டியைத் திரும்பக் கொடுத்தார்கள். உண்மையில் அவர்களைத் தேற்றியது வாழைப்பழம் அல்ல, அந்த நாட்களில் ரொட்டி சாப்பிடாமல் இருந்தது. கோதுமைதான் வினை என்று நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே கண்டுபிடித்தார். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் அங்கே ரொட்டியே கிடைக்கவில்லை, ஊரே பட்டினி கிடக்கும்போது இந்தப் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். உங்கள் மகளுக்கும் அதுவேதான் நடக்கும், வெளியே தெரியாமல் குடலுக்குள் நடக்கலாம் என்பது மட்டும் வித்தியாசம்.

நம் சமையலில் பிறந்தது அவள் அதிர்ஷ்டம். இட்லி, தோசை, இடியாப்பம், பொங்கல், புட்டு எதற்கும் தடையில்லை. ரவா தோசை, சேமியா, பார்லிக் கஞ்சி, மால்ட் பானங்கள் ஆகாது. கேட்காமலே ஒன்று சொல்கிறேன்: பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா சேர்ப்பார்கள். க்ளூட்டன் இல்லை என்று அச்சிட்டதைப் பார்த்து வாங்குங்கள். ஓட்டலில் பரோட்டா போட்ட கல்லிலேயே தோசையும் வார்ப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம். ஒரு தெரபி சென்டரில் சொன்னதால் இரண்டு வருஷமாகக் கோதுமையும் பாலும் கொடுப்பதில்லை. பெரிய மாற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவன் சாப்பிடுவதே சோறு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், வாழைப்பழம், ஒரே ஒரு வகை சிப்ஸ். திரும்பக் கொடுக்கலாம் என்கிறேன். கொடுத்தால் மறுபடி அடம், தூக்கமின்மை எல்லாம் வந்துவிடும் என்று மனைவி அழுகிறாள். - ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மனைவி பயப்படுவதை முட்டாள்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வருஷம் வீட்டில் தனி அடுப்பு, தனி டப்பா என்று கஷ்டப்பட்டது அவர்தான். ஆட்டிசத்துக்கும் மூளையில் சுரக்கும், அபின் மாதிரி வேலை செய்யும் ஓபியாய்டு பொருள்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1979ல் யாக் பாங்க்செப் என்ற ஆய்வாளர் எழுதினார். கோதுமையும் பாலும் அரைகுறையாகச் செரித்து அப்படிப்பட்ட பொருளாக மாறுகின்றன என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். கேட்க அழகாக இருக்கிறது. சோதித்துப் பார்த்தபோது உறுதியான பலன் எதுவும் தெரியவில்லை. எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று டாக்டர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டுதலில், ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளுக்காக இந்த விலக்கு உணவைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. ஐந்தே ஐந்து பண்டம் தின்னும் பிள்ளையிடமிருந்து பாலையும் பிடுங்கிவிட்டால் எலும்புக்கு என்ன மிஞ்சும்? என் கருத்து, திரும்பக் கொடுங்கள். இவனுக்கு அலர்ஜியோ சீலியாக்கோ என்று எந்த டாக்டராவது சொல்லியிருந்தால் மட்டும் கதை வேறு.

ஆனால் நாளைக்கே ஆரம்பிக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதி மட்டும் வையுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை தடவை அழுது புரண்டான், மலம் எப்படிப் போனான். அது இல்லாவிட்டால் தயிர் கொடுத்த அன்றைக்கு வந்த அடம் தயிரால் வந்ததா, வழக்கமாக வருவதா என்று உங்கள் இருவருக்கும் ஆயுசு முழுக்கச் சண்டைதான். டீச்சரையும் தினம் இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள், எந்தத் தேதியில் என்ன ஆரம்பித்தீர்கள் என்று அவரிடம் சொல்லாதீர்கள். தெரிந்துவிட்டால் அவருக்கும் அடம் கூடின மாதிரிதான் தெரியும், மனுஷக் கண் அப்படி. ஸ்கூல் மாற்றம், புதுத் தெரபி, புது மாத்திரை எதுவும் இல்லாத மாதமாகப் பாருங்கள். முதலில் பால் மட்டும், நாலு வாரம் கழித்துக் கோதுமை. வயிற்று உபாதை இருக்கிற பிள்ளை என்றால் கோதுமை திரும்ப வந்து ஒன்றரை, இரண்டு மாதம் கழித்து சீலியாக் பரிசோதனை செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கோதுமை சாப்பிடாத ஆளிடம் அந்தப் பரிசோதனை சரியாகக் காட்டாது.

அடுத்த சிக்கல், அவன் வாயில் வைப்பானா என்பது. இரண்டு வருஷம் பார்க்காத தயிர் அவனுக்குப் புதுப் பண்டம். தெரியாமல் கலந்துவிடலாம் என்று சோற்றில் ஒளிக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் தயிரும் போகும், சோறும் போகும், அந்த ஐந்து நாலாகும். தட்டின் ஓரத்தில் ஒரு ஸ்பூன் தயிர், தொடச் சொல்ல வேண்டாம், சும்மா இருக்கட்டும். பல நாள் பார்த்து, முகர்ந்து, விரலால் தொட்டு, ஒருநாள் நாக்கில் வைப்பான். அவனுக்குப் பிடித்த சிப்ஸ் மொறுமொறுப்பு என்றால் கோதுமையை மொறுமொறு பிஸ்கட்டாகத் தொடங்குங்கள், சப்பாத்தியாக அல்ல.

கேள்வி: வலிப்புக்காக இரண்டு வருஷமாக என் மகளுக்குக் கீட்டோ உணவு. ஒன்றரை வருஷமாக வலிப்பு இல்லை. நிறுத்தலாம் என்கிறார்கள். முதலில் சோறா, பழமா? - ஒரு தாய், சேலம்

பதில்: இரண்டும் இல்லை. கீட்டோ என்பது கொழுப்பை மிக அதிகமாக்கி, மாவுச்சத்தை மிகவும் குறைத்த உணவு. 1921ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் தொடங்கிய வைத்தியம் இது, உணவு என்ற பெயரில் இருக்கும் மருந்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு மாத்திரையை எப்படி ஒரே நாளில் நிறுத்தக் கூடாதோ அப்படித்தான். இப்போது அவளுக்கு நாலுக்கு ஒன்று என்ற கணக்கு போட்டிருப்பார்கள். அதாவது புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் கொழுப்பு நாலு கிராம். அதை மூன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று டயட்டீஷியன் படிப்படியாக இறக்குவார், வழக்கமாக இரண்டு மூன்று மாதம் ஆகும். தட்டில் பார்த்தால் எண்ணெயும் வெண்ணெயும் கொஞ்சம் குறையும், காய் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான் முதலில் தெரியும். சோறு கடைசியில் வரும். நடுவில் வலிப்பு வந்தால் டாக்டரைக் கூப்பிட்டு முந்தின கணக்குக்குத் திரும்ப வேண்டும். வலிப்பு நின்ற பிறகு இப்படி நிறுத்திய பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பேருக்கு மறுபடி வரவில்லை. மூளைக்குக் குளுக்கோஸைக் கொண்டுபோகும் புரதத்தில் பிறவிக்குறை உள்ள பிள்ளைகள் மட்டும் இந்த உணவை இன்னும் பல வருஷம் தொடர வேண்டியிருக்கும். கணக்கு இறங்கும் அந்த மாதங்களில் கோயில் பிரசாதத்தையும் இருமல் சிரப்பையும் கவனியுங்கள். சர்க்கரை அந்த வழியாகத்தான் நுழையும்.

கேள்வி: பேரனுக்கு எட்டு வயது. இரண்டு மாதத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலை வந்து டெஸ்ட் எல்லாம் இப்போது சரியாகிவிட்டது. உப்பு, எண்ணெய், கவுச்சி இல்லாமல் கஞ்சியும் இட்லியும் கொடுக்கிறேன். பிள்ளை இளைத்துவிட்டான். எத்தனை மாதம் கழித்துப் பத்தியம் முறிக்கலாம்? - ஒரு பாட்டி, மதுரை

பதில்: அம்மா, பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வரும் காமாலையில் உப்பை நிறுத்த வேண்டிய காரணமே கிடையாது. எண்ணெயைக் குறைப்பதும் குமட்டல் இருக்கும் நாட்களில் அவனுக்குப் பிடிக்காது என்பதற்காகத்தான், கல்லீரலுக்காக அல்ல. பசி திரும்பிவிட்டது, டாக்டரும் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார் என்றால் இனி நாளும் இல்லை, படியும் இல்லை. மேலே உள்ளவர்களுக்கெல்லாம் மெல்ல மெல்ல என்று சொன்னேனே, உங்களுக்கு அது வேண்டாம். இரண்டு மாதம் கஞ்சி குடித்த பிள்ளை, இந்த ஞாயிற்றுக்கிழமையே மீன் குழம்பு வைத்துவிடுங்கள், உப்பு உறைப்போடு.